ஞாயிற்றுக்கிழமை யார் பொறுப்பு?

2025 ஜனவரியில், நாட்டின் மிகப் பெரிய பொறியியல் நிறுவனங்களில் ஒன்றின் தலைவர் தம் ஊழியர்களிடம் பேசிய பேச்சு வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலைக்கு வரவைக்க முடியவில்லையே என்று அவர் வருத்தப்பட்டார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள், மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் கேட்டார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. உடல்நலம், மனநலம், ஓய்வுரிமை என்று பல பக்கங்களிலிருந்தும் பதில் சொன்னார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கே ஒரு நேரான பதில் உண்டு. ஆறு வயதில் ஒன்றும் இரண்டு வயதில் ஒன்றுமாகப் பிள்ளைகள் இருக்கும் சாதாரணத் தமிழ்க் குடும்பத்தில், ஞாயிற்றுக்கிழமை செய்வதற்கு வேலை மலைபோலக் கிடக்கிறது. அதைச் செய்பவர் பெரும்பாலும் அம்மா என்பதும், அவருக்கு அன்றும் விடுமுறை இல்லை என்பதும் பலர் சொல்லிய உண்மை. அதற்கு அடுத்த படியில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வார இறுதியில் பங்கிடப்படாமல் ஒருவர் தலையிலேயே தங்கிவிடுவது வேலையைவிடப் பொறுப்புதான். வேலையைக் குறைக்க இயந்திரங்களும் திட்டங்களும் வந்துவிட்டன. கைகொடுக்கும் அப்பாக்களும் கூடியிருக்கிறார்கள். பிள்ளைகளின் ஒரு பொழுதை முழுதாகத் தன் தலையில் ஏற்றுக்கொள்வது மட்டும் கைமாறவே இல்லை. பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நாள் எப்படி அமைகிறது என்பதும் இதைச் சார்ந்தே இருக்கிறது.

ஞாயிறு விடுமுறை நமக்கு வந்த வழியிலேயே இதன் வேர் இருக்கிறது. நம் பழைய வாரத்தில் எல்லோரும் ஒரே நாளில் ஓயும் ஏற்பாடு இருந்ததில்லை. அமாவாசைக்குத் தறியை நிறுத்துவது, மாட்டுப் பொங்கலன்று ஏர் பூட்டாமல் இருப்பது, சனிக்கிழமை ஆண்களும் வெள்ளிக்கிழமை பெண்களும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்று ஓய்வும் உடம்பைப் பேணுவதும் தொழிலுக்குத் தொழில், ஆளுக்கு ஆள் சிதறிக் கிடந்தன. வாரத்துக்கு ஒரு நாள் எல்லோருக்கும் விடுப்பு என்பது ஆலைத் தொழிலாளர் கேட்டு வாங்கியது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளரைத் திரட்டிய நாராயண் மேகாஜி லோகாண்டே 1884இல் அந்தக் கோரிக்கையை வைத்தார்; 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம்பெற்றது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு வார ஓய்வு உடன்படிக்கையை 1923இல் இந்தியா ஏற்றது. தொழிற்சாலைகளுக்கு நீண்ட காலம் அடிப்படையாக இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாரத்தின் முதல் நாளான ஞாயிறு விடுமுறை என்று எழுதிவைத்தது. போராடிப் பெற்ற இந்த உரிமையின் அருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தச் சட்டங்களெல்லாம் ஓய்வு என்பதற்குக் கொண்ட பொருள் ஒன்றுதான்: முதலாளியின் இடத்தில் இல்லாமல் இருப்பது. ஆலைக்குப் போகாத நாளில் தொழிலாளி எங்கே சாப்பிடுவார், அவர் வேட்டியை யார் துவைப்பார், பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கணக்கு அதற்குள் வரவில்லை. வந்த இடத்திலும் பெண்ணின் பெயரில்தான் வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியபோது, ஆலையில் எத்தனை பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்பதை வைத்தே அதை முடிவுசெய்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஆண் பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்று மாற்றியது. நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரும் அனுமதியையோ தாய்க்கு மட்டுமே தந்தது. பிள்ளை யார் பொறுப்பு என்ற கேள்விக்குச் சட்டத்தின் விடை நூறாண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பின் ஒரு பகுதியை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1982 ஜூலையில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் மதியச் சோற்றைப் பள்ளிக்குக் கொண்டுபோனது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளின் காலைப் பலகாரத்தையும் எடுத்துக்கொண்டது. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு இதனால் மிச்சமாவது உணவுச் செலவு மட்டும் என்று நினைத்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். பிள்ளைக்கு எட்டரை மணிக்குள் என்ன கொடுப்பது, மதியத்துக்கு எதைக் கட்டுவது, அதைச் சாப்பிடுமா கொண்டுவந்து கொட்டுமா என்ற யோசனை முழுவதையும் வாரத்தில் ஐந்து நாள் யாரோ எடுத்துக்கொள்கிறார்கள். சனி ஞாயிறு வந்ததும் காலை உப்புமாவும் மதிய முட்டையும் ஒருசேர வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. ஆசிரியர், சமையலர், அங்கன்வாடிப் பணியாளர், ஆயா என்று நான்கைந்து பேர் சம்பளத்துக்குச் செய்த வேலையை, சம்பளமில்லாத ஒருவர் அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டும். தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீட்டிலும் வேன் வருவது நின்றுபோனால் கதை இதேதான்.

அந்த இரண்டு நாளின் வேலை எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் பாதி ஞாயிறுக்கான வேலையே இல்லை. வரப்போகும் ஐந்து நாளுக்கானது. சனிக்கிழமை அரிசியும் உளுந்தும் ஊறுகின்றன. கிரைண்டரில் அரைத்துப் புளிக்க வைத்த மாவு புதன்வரை இட்லியாகவும் தோசையாகவும் போகிறது. கடையில் பாக்கெட் மாவு வாங்கும் வீட்டிலும் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து வாங்கச் சொல்ல ஒருவர் வேண்டும். யூனிபார்ம் துவைத்துக் காய்ந்து இஸ்திரிக்குப் போய் ஞாயிறு மாலைக்குள் திரும்ப வேண்டும். மழை பெய்தால் அதற்கு மாற்று ஏற்பாடு வேண்டும். பிள்ளைக்கு நகம் வெட்டுவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, பேன் சீப்பால் தலை வாருவது, சின்னதாகிப்போன ஷூவைக் கவனிப்பது, ஸ்நாக்ஸ் டப்பாவின் ரப்பரில் படிந்த கறுப்பைத் தேய்ப்பது எல்லாம் வாரநாளில் கைவராத வேலைகள். இவற்றோடு, ஞாயிறு என்றால் கறி எடுக்கும் வீடுகளில் வாரத்தின் மிகப் பெரிய சமையலும் அன்றுதான். மசாலா அரைத்து, குழம்பு கொதித்து, வறுவல் இறங்கி, பாத்திரங்கள் கழுவி முடிய மூன்று மணியாகிவிடும். அன்று எல்லோரும் வீட்டில் இருப்பதால் தட்டு, தம்ளர், டீ, காபி எல்லாமே கூடுகின்றன. இத்தனைக்கும் நடுவே இரண்டு வயதுப் பிள்ளை அடுப்படியில் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியாக இரவு எட்டு மணிக்குப் பெரிய பிள்ளை, நாளைக்கு மிஸ் சார்ட் பேப்பர் கொண்டுவரச் சொன்னார்கள் என்று நினைவுபடுத்துகிறது.

இது உணர்ச்சிப் பேச்சு இல்லை என்பதற்கு எண்கள் இருக்கின்றன. மக்கள் தம் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று இந்திய அரசு 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில், 18,591 வீடுகளில் முன்னோடிக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுட்பம், வழக்கமான நாளையும் வாரத்தில் மாறுபட்டு வரும் நாளையும் தனித்தனியாகப் பதிவுசெய்தது. விடுமுறை நாள் வேறொரு நாள், அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்ற புரிதல் அந்த வடிவமைப்பில் இருந்தது. அந்த ஆய்வின்படி வீட்டுப் பராமரிப்புக்கும் வீட்டாரைக் கவனிப்பதற்கும் வாரத்துக்குப் பெண்கள் சுமார் 34 மணி நேரமும் ஆண்கள் நான்கு மணிக்கும் குறைவான நேரமும் செலவிட்டார்கள். நாடு முழுதுக்குமான முதல் கணக்கெடுப்பு 2019இல் நடந்தது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குக் கொடுத்தார்கள். 2024இல் மறுபடி எடுத்தபோது அவை 289, 88 என்று ஆயின. பெண்களின் சுமை பத்து நிமிடம் இறங்கியது; ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் இறங்கிவிட்டது. வேலை குறைந்திருக்கிறதே தவிர, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நகரவில்லை. வீட்டாரைக் கவனித்துக்கொள்வதில் 15 முதல் 59 வயது வரையான பெண்களில் 41 விழுக்காட்டினரும் ஆண்களில் 21.4 விழுக்காட்டினரும் ஈடுபட்டார்கள். பெண்கள் 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் கொடுத்தார்கள். பிள்ளைகள் உள்ளிட்ட வீட்டாரைக் கவனிப்பதில் வேறுபாடு இரண்டு மடங்கு, வீட்டுவேலையில் மூன்று மடங்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் பக்கம் அப்பாக்கள் வரத் தயாராக இருக்கிறார்கள் என்று இதற்கு நல்ல அர்த்தமும் உண்டு.

ஆனால் அந்த 74 நிமிடமும் 140 நிமிடமும் ஒரே பொருளால் ஆனவையா என்று கேட்டாக வேண்டும். இந்தக் கணக்கெடுப்பில் விடியற்காலை நான்கு மணி முதல் மறுநாள் நான்கு மணி வரை ஒரு நாளை அரைமணித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். வெங்காயம் நறுக்கிய அரைமணியில் காதும் ஒரு கண்ணும் பிள்ளையின்மேல் இருந்தது. பாத்ரூம் பக்கம் போகிறதா, பிளக் பாயிண்டில் விரலை விடுகிறதா, சத்தம் நின்றுவிட்டதே ஏன் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டால் அவர் சமைத்தேன் என்றுதான் சொல்வார். நேரப் பயன்பாட்டுக்கான ஐக்கிய நாடுகளின் வகைப்பாட்டில் பிள்ளைக்கு ஊட்டுவது, கற்பிப்பது, அதோடு விளையாடுவது என்பவற்றோடு, வெறுமனே பிள்ளைமேல் ஒரு கண் வைத்திருப்பதற்கும் தனி இடம் இருக்கிறது. இருந்தும் அதைச் செய்பவர்களே அதை ஒரு செயலாக நினைத்துச் சொல்வதில்லை. தூங்கும் குழந்தையின் பக்கத்தில் அசையாமல் படுத்திருப்பதை யார் வேலை என்று சொல்வார்கள்? ஆகவே இந்த எண்கள் தாய்மாரின் பங்கைக் கூட்டிச் சொல்கின்றன என்ற ஐயத்தைவிட, குறைத்துச் சொல்கின்றன என்ற ஐயத்துக்கே இடம் அதிகம்.

1980களில் உளவியலாளர் மைக்கேல் லாம்பும் அவருடன் பணியாற்றியவர்களும் தந்தையின் பங்கை மூன்றாகப் பிரித்தார்கள். பிள்ளையோடு நேராக ஈடுபடுவது ஒன்று. கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருப்பது இன்னொன்று. பொறுப்பு மூன்றாவது: தடுப்பூசி நாள் எப்போது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, குளிர்காலத்துக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று முன்கூட்டி நினைத்து ஏற்பாடு செய்வது. முதல் இரண்டைவிட மூன்றாவது மிகவும் சமமற்றுக் கிடக்கிறது என்பது அவர்களின் கண்டறிதல். 2019இல் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் இந்த மூன்றாவதைத் திறந்து பார்த்தார். வீட்டின் மூளை உழைப்பை அவர் நான்கு கட்டங்களாகக் காண்கிறார்: வரப்போவதை உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பின்தொடர்வது. அவர் பேசிய தம்பதியரில் முடிவெடுப்பதைப் பெரும்பாலும் இருவரும் சேர்ந்து செய்தார்கள். முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் பெண்கள்மேல் விழுந்தன. அந்த ஆய்வு நடந்தது அமெரிக்கப் படித்த நடுத்தரக் குடும்பங்களில். அப்படியே நம் வீட்டின்மேல் பொருத்த முடியாது. ஆனாலும் அந்த நான்கு கட்டங்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. சார்ட் பேப்பர் வாங்க வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுபவர் அப்பாவாகத்தான் இருப்பார். பள்ளி டைரியைப் பார்த்திருக்க வேண்டும் என்ற நினைப்பும், பார்க்கவில்லையே என்ற குற்றவுணர்ச்சியும் அம்மாவுடையவை. ஓடியது கணக்கில் ஏறுகிறது. அந்த நினைப்புக்குக் கணக்கில்லை. பல வீடுகளில் ஆண்கள் நல்ல மனதோடு கேட்கும் "நான் என்ன செய்யணும், சொல்லு" என்ற கேள்வியே பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. சொல்வதும் ஒரு வேலை.

இனிப் பிள்ளைகளின் பக்கம். வார இறுதியைப் பற்றி நகரங்களில் வளர்ந்துவரும் எண்ணம், பிள்ளைகளுக்கு அதை நிரப்பித் தர வேண்டும் என்பது. அபாகஸ், நீச்சல், ஓவியம், மால், பூங்கா, பிறந்தநாள் விழா என்று நாள் நிரம்புகிறது. ஒருவகையில் இது பெற்றோரின் குற்றவுணர்ச்சிக்கு மருந்து. வாரம் முழுக்கத் தராத நேரத்தை ஞாயிறன்று அடர்த்தியாகக் கொடுத்துவிடும் முயற்சி. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் எலினோர் ஓக்ஸ் தலைமையில் இருந்த ஆய்வு மையம் 2000களின் தொடக்கத்தில், தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களை வாரநாளிலும் வார இறுதியிலும் வீட்டிலேயே படம்பிடித்தது. அந்தப் பதிவுகளை ஆராய்ந்த தமார் கிரெமர்-சாட்லிக்கும் ஏமி பாஃகும் 2007இல் எழுதிய கட்டுரையின் முடிவு எளிமையானது. பெற்றோர் ஏங்கும் சிறப்பு நேரம், ஏற்பாடு செய்த உலாவில்தான் கிடைக்கும் என்பதில்லை. துணி மடிக்கும்போதும் காரில் போகும்போதும் சமைக்கும்போதும் எதிர்பாராமல் வரும் சின்னப் பேச்சுகளிலும் சிரிப்புகளிலும் அது நிகழ்கிறது. நம் வீடுகளுக்கு இது இன்னும் பொருந்தும். மாவு அரைக்கும்போது உளுந்தில் கைவிட்டு அளைவதும், காயும் துணிக்குக் கிளிப் எடுத்துக் கொடுப்பதும், பட்டாணி உரிப்பதும் மூன்று வயதுப் பிள்ளைக்கு விளையாட்டும் கல்வியும் ஒன்றாகச் சேர்ந்தவை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல், ஒரு வயது தாண்டிய பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது பலவகையாக உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது. அதற்கு ஜிம்னாஸ்டிக் வகுப்பு வேண்டாம். மொட்டைமாடியும் ஒரு வாளித் தண்ணீரும், அவசரமில்லாத பெரியவர் ஒருவரும் போதும்.

அவசரமில்லாத பெரியவர் என்று எழுதிவிட்டேன். அவர்தான் நம் வார இறுதியில் அரிதான பொருள். பிள்ளை உளுந்தை அளைந்தால் தரையில் கொட்டும். அடுத்து மூன்று வேலை காத்திருப்பவருக்கு அது இன்பமாக இருக்க முடியாது. தனியாகப் பொறுப்பைச் சுமப்பவர் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதைவிட விலக்கி வைக்கவே தள்ளப்படுகிறார். அப்போது கைபேசி வருகிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. சரியான அறிவுரைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாக்களைக் குறைசொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டு மணி நேரக் கறிச்சமையலின்போது அந்தப் பிள்ளையை யார் பார்ப்பதாக இருந்தது? கொதிக்கும் எண்ணெயிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளையைத் தள்ளி உட்கார வைக்க, அந்த வீட்டில் அந்த நேரத்தில் கிடைத்த ஒரே காவல் அந்தக் கைபேசிதான். திரை நேரத்தைப் பற்றிய நம் கவலை உண்மையானதென்றால், அது அந்த இரண்டு மணி நேரத்தில் முன்னறையில் இருந்த பெரியவரைப் பற்றிய கேள்வியாகவும் மாற வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது களைப்பைப் பற்றியது. ஆறு நாள் உழைத்துவிட்டு வருபவருக்கு ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் பிள்ளை பார்ப்பதில் போக்கச் சொல்வது நியாயமா? சாரத்தில் நின்று சிமெண்ட் சுமந்தவரையும், பன்னிரண்டு மணி நேரம் ஆட்டோ ஓட்டியவரையும் நினைத்தால் இதை எளிதில் தள்ள முடியாது. பலருக்கு ஞாயிறே கிடையாது என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள கடைகள் ஆண்டு முழுவதும் திறந்திருக்க 2019 முதல் அனுமதி உண்டு. ஊழியருக்கு வாரத்தில் ஏதோ ஒரு நாள் விடுப்பு. ஊரார் குடும்பத்தோடு துணியெடுக்க வரும் ஞாயிறன்று விற்பனையாளரின் பிள்ளை அப்பாவைப் பார்ப்பதில்லை. அந்தக் கடைகளில் நிற்பவர்களுக்கு உட்காரும் உரிமையையே 2021இல் சட்டம் போட்டுத்தான் தர வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறியபோது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுப்பு கிடைக்குமே என்று அதற்கு ஆதரவாகச் சொன்னார்கள். சிறு பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் கணக்கு செல்லாது. பன்னிரண்டு மணி வேலையும் போகவர இரண்டு மணியும் ஆனால், அந்த நான்கு நாளும் பிள்ளை கண்விழித்திருக்கும்போது பெற்றவர் வீட்டில் இருக்க மாட்டார். பிள்ளையின் பசியையும் தூக்கத்தையும் மூன்று நாளுக்குத் தள்ளிவைக்க முடியாது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் அந்த மே நாளில் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது நல்லதாயிற்று. ஆக, களைப்பு என்ற வாதம் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லும் வாதம்; அதில் நான் முழுமையாக உடன் நிற்கிறேன். அதே வாதம் வீட்டுக்குள் வந்து, களைத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் ஓய்வு என்று முடியும்போதுதான் பிழையாகிறது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஐந்தில் இருவர் அளவுக்குத் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பின்னலாடைக் கம்பெனியில் ஆறு நாள் தையல் மிஷினில் உட்கார்ந்தவருக்கும் முதுகு வலிக்கத்தானே செய்யும்?

அன்பை ஏன் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுவது சுமையா என்று கேட்பவர்கள் பலரும் உண்மையான மனவருத்தத்தோடுதான் கேட்கிறார்கள். சுமை இல்லைதான், பல நேரம் அது வாழ்க்கையின் மிகப் பெரிய இன்பம். அதனால்தான் அந்த இன்பத்தில் அப்பாவுக்குப் பங்கில்லாமல் போவதும் ஓர் இழப்பு என்கிறேன். பிள்ளையின் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்தே அளக்கும் கை பிறவியில் வருவதில்லை. தனியாகப் பொறுப்பில் இருந்த நேரங்களில் வருவது. பாட்டி இருக்கும் வீட்டில் இந்தச் சிக்கல் இல்லையே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். பாட்டி தாங்கும்போது பொறுப்பு ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம், அதுவும் முழங்கால் வலிக்கும் வயதில் போகிறது. ஓட்டலில் சொல்லிவிட்டால் சமையல் மிச்சம் என்பதும் இப்படித்தான். பிரியாணி வீட்டுக்கு வருகிறது. அதைக் கொண்டுவரும் இளைஞனுக்கும் ஒரு பிள்ளை இருந்து, அந்த வீட்டின் ஞாயிறு அதற்குள் செலவாகியிருக்கலாம்.

ஊதியமில்லாத உழைப்பை எப்படிக் கையாளுவது என்பதற்குப் பொருளாதார அறிஞர் டயான் எல்சன் மூன்று வினைகளைச் சொன்னார்: அங்கீகரிப்பது, குறைப்பது, பகிர்ந்தளிப்பது. இந்த மூன்றையும் வைத்துத் தமிழ்நாட்டின் கொள்கைகளைப் பார்த்தால், முதல் இரண்டில் நாம் முன்னே நிற்கிறோம். 2011இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் காலை உணவும் குறைப்பதில் சேரும். 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் மகளிர் உரிமைத் தொகை, உதவி என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததாலேயே அங்கீகாரம் ஆகிறது. நீதிமன்றங்களும் இதில் பங்கெடுத்திருக்கின்றன. 2021இல் உச்ச நீதிமன்றத்தின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பொன்றில், 299க்கும் 97க்கும் இடையிலான அந்த நேரக் கணக்கை நீதிபதி என்.வி. ரமணா எடுத்துக்காட்டினார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், விடுமுறையே இல்லாத இல்லத்தரசியின் வேலையை எட்டு மணி நேரம் உழைக்கும் கணவரின் வேலையைவிடக் குறைவாக மதிக்க முடியாது என்று சொல்லி, அவர் பங்களிப்பால் சேர்ந்த சொத்தில் உரிமையை ஏற்றது. மூன்றாவது வினையில்தான் கை வெறுமையாக இருக்கிறது. 2021 ஜூலை முதல் தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு ஓராண்டு. நல்ல ஏற்பாடு. ஒன்றிய அரசின் ஆண் ஊழியருக்குத் தந்தை விடுப்பு பதினைந்து நாள். பிள்ளையின் முதல் ஆண்டு முழுக்க ஒருவர் கற்றுத் தேர்ந்துவிடுகிறார், மற்றவர் விருந்தாளியாகவே இருக்கிறார். பின்னால் வரும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த முதல் ஆண்டின் தொடர்ச்சிதான். கேரளத்தில் 2024ஆம் ஆண்டுக்கான மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா அடுப்படியில் தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது. படத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தான் வீட்டில் காணாத ஒன்றை, அது இயல்பு என்று காட்டுவதற்குப் பாடநூலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வீட்டளவில் பகிர்ந்தளிப்பு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் நேரத்தைப் பாதியாகப் பிரிப்பதல்ல. ஞாயிறு காலை ஏழு மணி முதல் பகல் ஒரு மணி வரை பிள்ளைகள் முழுக்க அப்பாவின் பொறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு மணி நேரத்தில் என்ன சாப்பிடுவது, எப்போது குளிப்பது, விழுந்தால் என்ன செய்வது, டைரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அவர் பாடு. அம்மா வீட்டில் இல்லாமல் இருப்பது நல்லது. பக்கத்து அறையில் இருந்தால் பிள்ளையின் கால்கள் அங்கேதான் போகும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்கும் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமல்லாமல் ஒரு தோழியைப் பார்க்கவும் அந்தப் பேருந்து போகிறது. அன்று கறிக்குழம்புக்குப் பதில் ரசமும் முட்டைப் பொரியலும் ஆகலாம், சட்டை மாறிப் போடப்பட்டிருக்கலாம், மதியத் தூக்கம் தள்ளிப்போகலாம். நான்கு வாரத்தில் அது ஒழுங்குக்கு வரும், ஏனென்றால் தவறியதன் விளைவும் அவரையே சேரும். இரண்டு வேளை அழுது பார்த்த பிள்ளை மூன்றாம் வாரம் அப்பாவிடமே தட்டை நீட்டும்.

கணக்கெடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 1998-99இல் மாறுபட்ட நாளைத் தனியாகப் பதிவுசெய்த வழக்கத்தை மீண்டும் கொண்டுவர வேண்டும். அடுத்த முறை அந்த அரைமணிக் கட்டங்களுக்கு எதிரே, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளில், இன்னும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: இந்த அரைமணியில் பிள்ளை யார் பொறுப்பில் இருந்தது? தூங்கிக்கொண்டிருந்த அரைமணிக்கும் சேர்த்துத்தான்.